தெரிஞ்சதை வரையாதே, தெரியறதை வரை: ஒரு டச்சு சமையலறையைக் காப்பி அடிச்ச கதை

காப்பி அடிக்கறதுல நமக்கு யாரும் புதுசா பாடம் எடுக்க வேண்டாம். லேப் ரெக்கார்ட்ல இருந்து அசைன்மென்ட் வரைக்கும் எல்லாத்தையும் பார்த்தாச்சு. ஆனா காப்பி அடிச்சே ஒரு கலையைக் கத்துக்க முடியும்னு சொன்னா நம்புவீங்களா? ஆயில் பெயின்டிங் அப்படித்தான் பல நூறு வருஷமா கத்துக்கொடுக்கப்பட்டிருக்கு. குருவோட ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரையறதுதான் சிஷ்யனோட முதல் பாடம். போன செமஸ்டர் முழுக்க சனி, ஞாயிறுல நானும் அதைச் செஞ்சு பார்த்தேன். ரெண்டு தடவை சொதப்பினேன், மூணாவது தடவை ஓரளவு தேறினேன். அதுல கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. ட்யூப் பெயின்ட்டைக் கையில தொடாதவங்களும் படிச்சுட்டு ஆரம்பிக்கலாம்.

எந்த ஓவியம், ஏன்?

யோஹன்னஸ் வெர்மீர் (1632–1675) நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர்க்காரர். வாழ்நாள் முழுக்க வரைஞ்சதுல இன்னைக்கு மிஞ்சியிருக்கறது சுமார் 35 ஓவியம்தான். பெரும்பாலும் ஒரே மாதிரி காட்சி: ஒரு அறை, இடதுபக்கம் ஜன்னல், உள்ளே ஒண்ணோ ரெண்டோ பேர். அதுல ஒண்ணுதான் 1660-ஐ ஒட்டி வரைஞ்ச 'பால் ஊற்றும் பெண்'. இப்போ ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல இருக்கு.

காட்சி ரொம்ப சிம்பிள். ஒரு சமையலறை. வேலைக்காரப் பெண் ஒருத்தி மண்ஜாடியில இருந்து சட்டிக்குப் பால் ஊத்தறா. மேசையில ரொட்டி. பின்னாடி வெறும் சுவர். அவ்வளவுதான்.

நான் இதை எடுத்ததுக்குக் காரணம் மூணு. முதல்ல, அளவு. ஒரிஜினலே 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம்தான், நம்ம டிராயிங் போர்டை விடச் சின்னது. ரெண்டாவது, ரைக்ஸ்மியூசியம் தன்னோட வெப்சைட்ல ஹை ரெசல்யூஷன் படத்தை இலவசமா தருது. ஜூம் பண்ணினா பிரஷ் போன தடம்கூடத் தெரியும். மூணாவது, அறைக்குள்ள நடக்கற காட்சியில பெர்ஸ்பெக்டிவ், வெளிச்சம், துணி, மண்பாண்டம், தோல்னு எல்லாப் பாடமும் ஒரே சிலபஸ்ல வந்துடும்.

என்னென்ன வேணும்

பெரிய செலவு வேண்டாம். கலர் எட்டு போதும்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், லெமன் எல்லோ, வெர்மிலியன், கிரிம்ஸன், பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் ப்ளூ, ஐவரி பிளாக். ஸ்டூடன்ட் குவாலிட்டியே தாராளம். தட்டை பிரஷ் ரெண்டு, உருண்டை பிரஷ் ரெண்டு, லின்சீட் ஆயில் ஒரு சின்ன பாட்டில், டர்பன்டைன் கொஞ்சம், பழைய பனியன் துணி. கேன்வாஸ் போர்டு 16-க்கு 20 இன்ச்.

வெர்மீர் கிட்ட இருந்த கலர் வேற. அந்த ஏப்ரன் நீலம், லாபிஸ் லசூலிங்கற கல்லை அரைச்சு எடுத்தது. அந்தக் கல் ஆஃப்கானிஸ்தான் மலைகள்ல இருந்து ஐரோப்பா போனது, தங்கத்துக்குச் சமமா மதிப்பு. ஒரு வேலைக்காரியோட ஏப்ரனுக்கு அவர் அதைப் போட்டிருக்கார்! 1820-கள்ல அதே நீலத்தை ஃபேக்டரியில தயாரிக்கக் கண்டுபிடிச்சதால நமக்கு ட்யூப்ல கிடைக்குது. ரவிக்கையோட மஞ்சள், ஈயமும் தகரமும் சேர்ந்த கலவை. வெள்ளையும் ஈயம்தான். ஈயம் விஷம், அதனால நாம டைட்டானியத்தோட நிறுத்திக்கலாம்.

ஸ்டெப் 1: கட்டம் போடு

போர்டுல 36 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்துக்கு ஒரு செவ்வகம் போட்டேன். ஒரிஜினலோட விகிதம் கிட்டத்தட்ட சரியா வரும். அதை 4 செ.மீ. கட்டமா பிரிச்சா 9-க்கு 10, மொத்தம் 90 கட்டம். ஃபோட்டோ பிரின்ட்லயும் அதே 90 கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் கோடு எங்க உள்ளே வருது, எங்க வெளியே போகுதுன்னு மட்டும் பார்த்துப் போடணும். 'இது மூக்கு', 'இது கை'ன்னு நினைக்கவே கூடாது. கீழே மிஞ்சற பத்து செ.மீ. இடம் வீண் இல்ல, கலர் டெஸ்ட் பண்ண அதுதான் ரஃப் பேப்பர்.

போர்டோட வெள்ளை கண்ணைக் கூசும். அதனால கட்டம் போடறதுக்கு முன்னாடியே, தண்ணி கலந்த அக்ரிலிக்ல மங்கலான பழுப்பு சாம்பல் ஒரு கோட் பூசிடுங்க. அரை மணி நேரத்துல காய்ஞ்சுடும்.

ஸ்டெப் 2: முதல் செமஸ்டர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸை வெளியே எடு

'இது எதுக்குடா நமக்கு'ன்னு நாம எல்லாரும் திட்டின பெர்ஸ்பெக்டிவ் ப்ரொஜெக்ஷன் நினைவிருக்கா? ஜன்னலோட குறுக்குக் கம்பிகளை ஸ்கேல் வச்சு நீட்டினேன். எல்லாக் கோடும் வந்து சேர்ற இடம், ஜாடியைப் பிடிச்சிருக்கற அவளோட வலது கைக்குக் கொஞ்சம் மேலே. வானிஷிங் பாயிண்ட்!

சுவாரசியம் என்னன்னா, ஒரிஜினல் கேன்வாஸ்ல அதே இடத்துல ஒரு சின்ன ஊசி ஓட்டை இருக்கு. வெர்மீரோட ஓவியங்கள்ல பத்துக்கும் மேல இந்த மாதிரி ஓட்டை கண்டுபிடிச்சிருக்காங்க. அங்க ஒரு ஊசி குத்தி, சாக் பொடி தடவின நூலைக் கட்டி, இழுத்துப் பிடிச்சு சுண்டினா கோடு விழும். நம்ம ஊர் தச்சு ஆசாரி மரத்துல சாயநூல் அடிப்பாரே, அதே டெக்னிக்.

இன்னொரு விஷயம். ஊசி குத்தின உயரம்தான் பார்க்கறவனோட கண் உயரம். இங்க அது அவளோட முகத்தை விட நல்லா கீழே இருக்கு. அதாவது நாம அவளைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கறோம். அந்த வேலைக்காரி ஏன் அவ்வளவு கம்பீரமா தெரியறான்னு அப்போதான் புரிஞ்சுது.

மேசைதான் என்னைக் கவுத்துடுச்சு. மேசை விளிம்பையும் அதே புள்ளிக்கு நீட்டிப் பார்த்தேன், வரவே இல்ல. வெர்மீர் தப்பு பண்ணிட்டார்னு ரூம்மேட்கிட்ட பெருமையா சொல்லிட்டு, மேசையை 'கரெக்ட்' பண்ணி வரைஞ்சேன். சட்டியும் ரொட்டிக்கூடையும் வழுக்கி விழற மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் படிச்சா, அது செவ்வக மேசையே இல்ல, எட்டு மூலை உள்ள மடக்கு மேசைன்னு ஆராய்ச்சியாளர்கள் விளக்கியிருக்காங்க. மேசைன்னா நாலு மூலைன்னு முடிவு பண்ணினது நான்தான். முதல் சொதப்பல் அது.

ஸ்டெப் 3: கலர் இல்லாம ஒரு படம்

பர்ன்ட் அம்பரை டர்பன்டைன்ல நீர்க்கக் கரைச்சு, இருட்டு எங்க, வெளிச்சம் எங்கன்னு மட்டும் ஒரே பழுப்புல போடணும். டச்சு ஓவியர்கள் இந்த லேயரை 'செத்த வண்ணம்'னு அர்த்தம் வர்ற பேர்ல சொல்வாங்க. படத்தை மொபைல்ல பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்திப் பார்த்துக்கோங்க. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் சில்லறை விவரமெல்லாம் மறைஞ்சு பெரிய இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிக்கும்.

இங்க ஒண்ணு கவனிங்க. ஜன்னல் இடதுபக்கம் இருக்கு. ஆனா சுவர்ல ஜன்னலை ஒட்டின மூலைதான் இருட்டு, தள்ளி இருக்கற வலதுபக்கம் வெளிச்சம். அவ உடம்புல நேர்மாறு: இடதுபக்கம் வெளிச்சம், வலதுபக்கம் நிழல். ஆக, வெளிச்சமான பக்கத்துக்குப் பின்னாடி இருட்டுச் சுவர், நிழலான பக்கத்துக்குப் பின்னாடி வெளிச்சச் சுவர். அதனாலதான் அவ சுவர்ல ஒட்டாம முன்னால வந்து நிக்கறா. போதாததுக்கு நிழல் பக்க விளிம்புல முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வேற இழுத்திருக்கார். ஜூம் பண்ணாம அது தெரியவே தெரியாது.

ஸ்டெப் 4: சுவர்

மூணு வாரம். வெறும் சுவருக்கு!

முதல்ல வெள்ளைச் சுவர்தானேன்னு டைட்டானியம் ஒயிட்டை எடுத்து அப்பினேன். படம் செத்துப்போச்சு. அவ முகம் கறுத்து, ரொட்டி மங்கி, எல்லாமே சுவருக்கு முன்னாடி அழுக்கா தெரிஞ்சுது. ரெண்டாவது சொதப்பல்.

அப்போ செஞ்ச சோதனையை நீங்களும் செஞ்சு பாருங்க. ஒரு சாம்பல் அட்டையில பஞ்சிங் மெஷினால ரெண்டு ஓட்டை போடுங்க. ஒரு ஓட்டை சுவரோட இடது மூலை மேல, இன்னொண்ணு வலதுபக்கம் அவ தோளுக்குப் பின்னாடி. சுத்தி இருக்கற எதுவும் தெரியாம அந்த ரெண்டு வட்டத்தை மட்டும் பாருங்க. ரெண்டும் ஒரே சுவர்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க. ஒண்ணு ஈயப் பாத்திரத்தோட சாம்பல், இன்னொண்ணு மோர் கலர். சுத்த வெள்ளை எங்கேயுமே இல்ல.

இது நம்ம மூளையோட வேலை. வெளிச்சம் எவ்வளவு மாறினாலும் 'இது வெள்ளைச் சுவர்'னு அதுவே கரெக்‌ஷன் போட்டுக் காட்டுது. வாழறதுக்கு இது உபயோகம், வரையறதுக்கு இதுதான் எதிரி. தெரிஞ்சதை வரையாதே, தெரியறதை வரைன்னு போர்டு மேல ஒரு சீட்டு ஒட்டி வச்சேன்.

அதுக்கப்புறம் சுவரைக் கட்டம் கட்டமா அளந்து போட்டேன். ஒயிட், ஓக்கர், அம்பர், துளி பிளாக், இடது மூலைக்குப் போகப்போக துளி நீலம். ஆணி ஒண்ணு, அதோட நிழல், ஆணி பிடுங்கின ஓட்டை, பேர்ந்த சுண்ணாம்பு, எல்லாம் அந்த வெறும் சுவர்ல இருக்கு. ஜன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கு, அதையும் விடல மனுஷன்.

ஆனா அவர் வேணும்னே விட்டதும் உண்டு. 2022-ல ரைக்ஸ்மியூசியம் ஸ்கேன் பண்ணிப் பார்த்தப்போ, அவ தலைக்குப் பின்னாடி முதல்ல ஜாடிகள் மாட்டற ஒரு பலகையும், கீழே வலது மூலையில துணி காயவைக்கற ஒரு கணப்புக்கூடையும் வரைய ஆரம்பிச்சிருந்தது தெரியவந்துச்சு. ரெண்டையும் அவரே மூடிட்டார். கூடை இருந்த இடத்துல இப்போ கால் சூடுபண்ற ஒரு சின்னப் பெட்டியும், அடியில நீல ஓடுகளும் மட்டும். அந்தக் காலி இடம் யோசிச்சு எடுத்த முடிவு. மூணு வாரம் அதோட மல்லுக்கட்டினவனுக்குத்தான் அந்த முடிவோட எடை தெரியும்.

ஸ்டெப் 5: கலர், அப்புறம் புள்ளி

பெரிய பகுதியில இருந்து சின்னதுக்குப் போகணும். பாவாடை, ஏப்ரன், ரவிக்கை, அப்புறம் முகம், கை, கடைசியா மேசை. நீல ஏப்ரனுக்கு ஒரு ட்ரிக்: முதல்ல ஒயிட் கலந்த வெளிர் நீலத்துல மடிப்பெல்லாம் போட்டுக் காயவிடுங்க. அது மேல ஆயில் கலந்த சுத்த அல்ட்ராமரைனை கண்ணாடிப் பேப்பர் மாதிரி மெல்லிசா பூசுங்க. வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும், நீலம் ஜொலிக்கும். இதுக்குப் பேர் கிளேசிங்.

ரொட்டியில வெர்மீர் கோடே போடல. வெளிச்சம் படற இடமெல்லாம் கெட்டியான வெளிர் மஞ்சள் புள்ளி. கிட்டப் போனா பிக்சல், தள்ளி நின்னா மொறுமொறு ரொட்டி. சின்ன உருண்டை பிரஷ் நுனியில பெயின்ட் எடுத்துத் தொட்டுட்டு உடனே எடுத்துடணும், தேய்க்கக் கூடாது.

பாட்டில் மேல எழுதாத கெமிஸ்ட்ரி

வாட்டர் கலர் காயறது தண்ணி ஆவியாகி. ஆயில் பெயின்ட் அப்படி இல்ல. லின்சீட் ஆயில் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து, மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு பாலிமரா மாறுது. அதனால ஒரு லேயர் தொட்டா ஒட்டாத நிலைக்கு வரவே பல நாள் ஆகும், முழுசா இறுக மாசக்கணக்கு ஆகும்.

இதுல இருந்து ரெண்டு விதி வருது.

ஒண்ணு: அடி லேயர்ல ஆயில் கம்மி, மேல போகப்போக ஆயில் ஜாஸ்தி. நான் முதல் போர்டுல வழவழன்னு வரணும்னு அடியிலேயே ஆயிலை ஊத்திட்டேன். மேல டர்பன்டைன்ல கரைச்ச அம்பர். அம்பர்ல மாங்கனீஸ் இருக்கறதால அது சீக்கிரம் காயும். மேல் தோல் இறுகினப்புறமும் அடி மெதுவா அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு மாசத்துல பாவாடை பூரா கோடைகாலத்து ஏரி மாதிரி வெடிப்பு.

ரெண்டு: இது உயிர் விஷயம், தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. அந்த ஆக்சிஜன் சேர்க்கை வெப்பம் வெளியிடற வினை. ஆயில் துடைச்ச துணியைச் சுருட்டி ஒரு மூலையில போட்டா, சூடு வெளியே போக வழியில்லாம ஏறிக்கிட்டே போய், தீக்குச்சி இல்லாமலே பத்திக்கும். நான் துணிகளை ஒரு கேரி பேக்ல அமுக்கி கட்டிலுக்கு அடியில தள்ளியிருந்தேன். செருப்பு தேடின ரூம்மேட் அதைத் தொட்டுட்டு, "டேய், உள்ளே என்னடா வச்சிருக்க, வெதுவெதுன்னு இருக்கு?"ன்னான். கட்டில் மேல பஞ்சு மெத்தை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இப்போ துணியை உடனே தண்ணியில முக்கி, மூடி போட்ட தகர டப்பாவுல போட்டுடறேன். டர்பன்டைனும் மூடின ரூம்ல வேண்டாம், தலைவலி நிச்சயம். ஜன்னலைத் திறந்து வைங்க, ரூம்மேட்டோட சம்மதத்தையும் வாங்கிக்கோங்க.

காப்பிக்கும் திருட்டுக்கும் நடுவுல

லூவர் மியூசியத்துல இன்னைக்கும் பர்மிஷன் வாங்கிட்டு ஓவியத்துக்கு முன்னாடி ஸ்டாண்ட் போட்டு காப்பி பண்ணலாம். ரெண்டு நிபந்தனை: ஒரிஜினலோட அதே அளவுல வரையக் கூடாது, ஓவியரோட கையெழுத்தைப் போடக் கூடாது. எதுக்குன்னு வான் மீகெரென் கதையைக் கேட்டா புரியும். அந்த டச்சுக்காரர் 1930-கள்ல 'புது' வெர்மீர் ஓவியங்களை வரைஞ்சு வித்தார். பெயின்ட் பழசு மாதிரி இறுகணும்னு பேக்கலைட் வகை ரெசினைக் கலந்து அடுப்புல சுட்டார். வல்லுநர்களே ஏமாந்தாங்க, ரோட்டர்டாம் மியூசியம் ஒண்ணு வாங்கிச்சு, நாஜி தலைவர் கோரிங் கைக்கும் ஒண்ணு போச்சு. 1945-ல நாட்டோட பொக்கிஷத்தை எதிரிக்கு வித்த குத்தத்துல மாட்டினப்போ, தப்பிக்க அவர் சொன்ன வாக்குமூலம்: அதை வரைஞ்சதே நான்தான்!

நாம செய்யறது ரிவர்ஸ் இன்ஜினியரிங். என் போர்டு பின்னாடி 'வெர்மீரைப் பார்த்து வரைஞ்சது'ன்னும் என் பேரும் தேதியும் இருக்கு.

அம்மா போட்ட மார்க்

செமஸ்டர் லீவுல மூணாவது போர்டை ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். எங்க வீட்ல ரெண்டு மாடு. அம்மா விடிகாலையில பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தறவங்க. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. சுவரைப் பாராட்டுவாங்கன்னு காத்திருந்தேன்.

"ஏன்டா, இவ என்ன பெரிய வீட்டுப் பொண்ணா?"

"இல்லம்மா, சமையல்கட்டுல வேலை செய்யறவ."

"அப்புறம் ஏன் கை இவ்வளவு மொழுமொழுன்னு ஒரே கலரா இருக்கு? வேலை செய்யற கை இப்படியா இருக்கும்?"

தன் முழங்கையை நீட்டிக் காட்டினாங்க. ஜாக்கெட் மூடற வரைக்கும் ஒரு நிறம், அதுக்குக் கீழே வெயில் குடிச்ச வேற நிறம்.

உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்து ஒரிஜினலை ஜூம் பண்ணினேன். அவ வேலைக்காக சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருக்கா. வழக்கமா துணி மூடியிருக்கற முன்கை வெளிர். மணிக்கட்டுக்குக் கீழே கை மட்டும் சிவந்து கறுத்திருக்கு. வெர்மீர் அதைப் பார்த்திருக்கார், வரைஞ்சிருக்கார். நானும் அந்தக் கையைப் பல வாரம் முறைச்சுப் பார்த்திருக்கேன், 90 கட்டமும் போட்டிருக்கேன். 'கை'ன்னா 'தோல் கலர்'னு ஒரே கலவையைக் கலக்கி ரெண்டு கைக்கும் பூசிட்டுப் போயிட்டேன். சுவருக்கு சீட்டு ஒட்டினவன் கைக்கு மறந்துட்டேன். இருபது வருஷமா எனக்குச் சோறு போடற கை எந்த நிறம்னும் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

லீவு முடியறதுக்குள்ள கையை மறுபடி வரைஞ்சேன். வெர்மிலியன், ஓக்கர், அம்பர், நிழல்ல துளி நீலம். இந்த தடவை மாடல் திண்ணையில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

நீங்க ஆரம்பிக்க

முழு ஓவியம் வேண்டாம். ரொட்டிக்கூடையும் பின்னாடி ஒரு துண்டுச் சுவரும் மட்டும் 20-க்கு 20 செ.மீ.ல எடுத்துக்கோங்க. கட்டம் ஒரு நாள், பழுப்பு லேயர் ஒரு நாள், ஒரு வாரம் காயவிட்டு கலர் ரெண்டு நாள், இன்னொரு வாரம் கழிச்சுப் புள்ளி. வார்னிஷ் ஆறு மாசம் கழிச்சுத்தான். ஒவ்வொரு கலரும் பூசறதுக்கு முன்னாடி ஓட்டை போட்ட அட்டையை ஒரு தடவை வச்சுப் பாருங்க.

என் போர்டு இப்போ வீட்ல அடுக்களை வாசல்ல மாட்டியிருக்கு. மேசை இன்னும் கொஞ்சம் சாய்வுதான். கையைப் பத்தி அம்மா அதுக்கப்புறம் எதுவும் சொல்லல. பார்க்க வர்றவங்ககிட்ட மட்டும், "பால் ஊத்தற பொண்ணு, பையன் வரைஞ்சது"ன்னு சொல்றாங்களாம்.